தலைக்கணக்கும் மணிக்கணக்கும்
பட்டாசு வட்டாரத்தில் மருத்துவர் பற்றாக்குறையின் வரலாறு

முதலில் ஒரு சிறு கணக்கு. பெருக்கலும் வகுத்தலும் தெரிந்தால் போதும்.

50 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்குத் தீ விபத்து நேர்ந்து, உடலின் மேற்பரப்பில் 40 விழுக்காடு வெந்துவிட்டது. முதல் 24 மணி நேரத்தில் அவருடைய இரத்தக் குழாய்க்குள் எவ்வளவு உப்புநீர் ஏற்ற வேண்டும்? அமெரிக்காவின் டல்லஸ் நகரிலுள்ள பார்க்லண்டு மருத்துவமனையில் பணியாற்றிய சார்லஸ் பாக்ஸ்டர் என்ற டாக்டர் 1968-இல் இதற்கு ஒரு வாய்பாடு வகுத்துக் கொடுத்தார். (1963-இல் சுடப்பட்ட ஜனாதிபதி கென்னடியைக் கொண்டு சேர்த்தார்களே, அதே மருத்துவமனைதான்.) எடையை வெந்த விழுக்காட்டால் பெருக்கி, மீண்டும் 4-ஆல் பெருக்குங்கள். 4 × 50 × 40 = 8,000 மில்லிலிட்டர். அதாவது 8 லிட்டர்! இதில் பாதியை முதல் 8 மணி நேரத்திலும், மீதியை அடுத்த 16 மணி நேரத்திலும் ஏற்ற வேண்டும். இக்காலத்தில் 4-க்குப் பதில் 2 என்று தொடங்கி, நோயாளியின் நிலையைப் பார்த்து ஏற்றிக் குறைக்கும் டாக்டர்களும் உண்டு. எப்படியானாலும் கணக்கின் உயிர்நாடி அந்த முதல் 8 மணி நேரம்தான்.

இவ்வளவு நீர் ஏன் என்று கேட்பீர்கள். தோல் வெந்ததும் அதனடியில் உள்ள நுண்குழாய்கள் சல்லடைபோல் ஒழுகத் தொடங்குகின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி குழாய்க்கு வெளியே கசிந்து திசுக்களில் தேங்குகிறது. உடல் வீங்கிக்கொண்டே போகும். ஆனால் குழாய்களுக்குள் ஓடுவதற்கு இரத்தம் போதாது. சிறுநீரகம் முதலில் அடிபடும். ஆகவே மணிக்கு ஒரு தடவை சிறுநீரை அளந்து பார்த்து, உப்புநீரின் வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் வைக்க வேண்டும். குறைந்தால் சிறுநீரகம் கெடும். மிகுந்தால் நுரையீரலில் நீர் கோக்கும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். எட்டு மணி நேரம் என்பது தீப்பட்ட கணத்திலிருந்து எண்ணப்படுவது. மருத்துவமனையில் சேர்த்த நேரத்திலிருந்து அன்று. வழியிலேயே 2 மணி நேரம் வீணாகிவிட்டால், மணிக்கு 500 மில்லிலிட்டர் என்றிருந்த வேகம் சுமார் 670 ஆகிவிடும். சிவகாசியிலிருந்து மதுரை ஏறத்தாழ 70 கிலோமீட்டர். இந்தத் தூரத்தையும் அந்த எட்டு மணி நேரத்தையும் மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

(தீப்புண்ணின் மேல் மை, பற்பசை, முட்டையின் வெண்கரு இவற்றைப் பூசும் பழக்கம் இன்னும் நம் ஊர்களில் போகவில்லை. எதையும் பூசாதீர்கள். ஓடும் குளிர்ந்த நீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பிறகு சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோங்கள்.)

இரண்டு வகை மருந்து

சிவகாசி, சாத்தூர், வெம்பக்கோட்டைப் பக்கத்தில் 'மருந்து' என்ற சொல்லுக்கு இரண்டு பொருள் உண்டு. ஒன்று நோய்க்குக் கொடுப்பது. மற்றொன்று பட்டாசுக் குழாய்க்குள் அடைப்பது. 'மருந்து அறையில் விபத்து' என்று செய்தித்தாளில் படித்தால், அது இந்த இரண்டாவது மருந்து.

இத்தொழில் இங்கு வேரூன்றிய கதையை நீங்கள் கேட்டிருக்கலாம். மழை பொய்க்கும் வறண்ட சீமை. 1920-களின் தொடக்கத்தில் அய்ய நாடார், சண்முக நாடார் என்ற இரு இளைஞர்கள் கல்கத்தா சென்று தீப்பெட்டி செய்யக் கற்று வந்தனர். 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் தொடங்கியது. 1940-களில் பட்டாசும் சேர்ந்துகொண்டது. காற்றில் ஈரம் குறைவு என்பதால் பயிருக்கு ஆகாத வானிலை, வெடிமருந்து உலர மிகவும் ஏற்றதாயிற்று.

அலுமினியத் தூளும் கந்தகமும் வெடியுப்பும் கலந்த கலவைக்குத் தீப்பிடிக்கப் பெரிய காரணம் தேவையில்லை. ஓர் உராய்வு, ஓர் அடி, உடையில் தேங்கிய நிலைமின்சாரத்தின் ஒரு பொறி போதும். எரியும் அலுமினியத்தின் வெப்பநிலை 2,000 டிகிரி செல்சியசைத் தாண்டும். வேலை செய்பவரின் உடையிலும் தலைமுடியிலும் அதே தூள் படிந்திருக்கும். ஆதலால் அடுப்படித் தீக்காயம் போல ஒரு கையோடு இது நிற்பதில்லை. ஒரே நொடியில் உடலின் பாதி வெந்துவிடும். அதுவும் ஒருவருக்கு மட்டுமன்று. ஒரே அறையிலும் பக்கத்து அறையிலும் இருந்த பலருக்குச் சேர்ந்தாற்போல்.

ஒரு நோயாளிக்கு மிகப் பல மணி நேர மருத்துவ உழைப்பைக் கேட்கும் காயம், ஒரே சமயத்தில் பலருக்கு நேரக்கூடிய தொழில், டாக்டர்கள் குறைவாக இருந்த ஒரு சீமை - இம்மூன்றும் ஓரிடத்தில் கூடின. அந்தக் குறைவு எப்படி வந்தது என்பதைச் சற்றுப் பின்னோக்கிச் சென்று காண்போம்.

பிடி அரிசியால் ஆகாதது

விருதுநகரில் காமராசர் படித்த சத்திரிய வித்தியாசாலை, வீட்டுக்கு வீடு பிடி அரிசி சேர்த்து நடத்தப்பட்ட பள்ளி என்பது பலரும் அறிந்த செய்தி. வணிகர்கள் தம் வியாபாரத்தில் ஒரு சிறு பகுதியை 'மகமை' என்று ஒதுக்கிப் பொதுக் காரியங்களுக்குச் செலவிட்டனர். அரசை எதிர்பாராமல் ஓர் ஊர் தானே பள்ளிக்கூடம் கட்டிக்கொள்ள முடிந்தது. ஆனால் டாக்டரை அவ்வாறு உண்டாக்கிக்கொள்ள இயலாது. கட்டடம் எழுப்பலாம், கட்டில் வாங்கலாம். உள்ளே உட்காரும் டாக்டர் வேறெங்கோ ஒரு மருத்துவக் கல்லூரியில் உருவாகி வர வேண்டும். சென்னையிலும் வேலூரிலும் இருந்த கல்லூரிகளைத் தவிர, இன்றைய தமிழ்நாட்டின் எல்லைக்குள் 1954 வரை வேறு மருத்துவக் கல்லூரி இல்லை.

கிராமங்களுக்கு யார் போனார்கள்? பெரும்பாலும் எல்.எம்.பி. டாக்டர்கள். உங்கள் தாத்தா பாட்டியைக் கேட்டால் ஒரு 'எல்.எம்.பி. டாக்டர்' பெயரைச் சொல்லக்கூடும். இவர்கள் கல்லூரியில் அல்லாமல் மருத்துவப் பள்ளியில் படித்துச் சான்றிதழ் பெற்றவர்கள். சென்னை ராயபுரத்தில் அப்படியொரு பள்ளி இருந்தது. அதுவே 1938-இல் ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியாக உயர்ந்தது. 1920-களில் சென்னை மாகாண அரசு ஒரு புதுமையான திட்டமும் கொண்டுவந்தது. கிராமத்தில் குடியேறித் தொழில் நடத்தும் டாக்டருக்கு ஆண்டுதோறும் மானியம். ஏழைகளுக்கு அவர் இலவசமாகப் பார்க்க வேண்டும். மற்றவரிடம் கட்டணம் வாங்கிக்கொள்ளலாம். இங்கே ஒரு சிக்கல் இருப்பது உங்களுக்கே புலப்படும். கட்டணம் கொடுக்க வல்லவர்கள் ஊரில் இருந்தால்தான் மானியமும் சேர்ந்து ஒரு டாக்டரின் குடும்பம் பிழைக்கும். மிகவும் ஏழ்மையான ஊருக்கு அந்த மானியம் ஒரு டாக்டரை இழுக்கப் போதாது.

1943-இல் சர் ஜோசப் போர் என்பவர் தலைமையில் அமைந்த குழு 1946-இல் தன் அறிக்கையைக் கொடுத்தது. பிரிட்டிஷ் இந்தியா முழுவதிலும் பதிவு பெற்ற டாக்டர்கள் சுமார் 47,500 பேர். மக்கள் தொகையோடு ஒப்பிட்டால் 6,300 பேருக்கு ஒரு டாக்டர். அந்த 47,500 பேரில் ஏறத்தாழ 30,000 பேர் எல்.எம்.பி. போன்ற சான்றிதழ்க்காரர்கள். ஆயினும் குழுவின் பெரும்பான்மையோர், இனி ஒரே தரம்தான், பட்டம் பெற்ற டாக்டர்தான் என்று முடிவு செய்தார்கள். சில உறுப்பினர்கள் உடன்படவில்லை. எண்ணிக்கை போதுமான அளவுக்கு உயரும் வரையாவது பழைய படிப்பு இருக்கட்டும் என்றனர். பெரும்பான்மையின் முடிவே நின்றது. கிராமத்து ஏழைக்கு மட்டும் ஏன் குறைந்த படிப்புள்ள டாக்டர் என்ற கேள்வியில் நியாயம் உண்டு; அதை நான் மறுக்கவில்லை. ஆனால் உயர்ந்த படிப்புள்ளவர் அந்தக் கிராமத்துக்கு வருவாரா என்ற கேள்விக்கு அந்த முடிவு விடை சொல்லவில்லை.

போர் குழு வெறும் எண்ணிக்கையோடு நின்றதாகவும் நினைக்க வேண்டாம். 40,000 பேருக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம், அதில் இரண்டு டாக்டர்கள், நர்சுகள், மருத்துவச்சிகள் என்று விரிவாகவே திட்டமிட்டது. 1952-இல் சமுதாய வளர்ச்சித் திட்டம் தொடங்கியபோது வட்டாரத்துக்கு ஒரு நிலையம் என்று திறந்தார்கள். வட்டாரம் ஒன்றின் மக்கள் தொகையோ 60,000 முதல் ஒரு லட்சம் வரை. ஆள்களும் போதவில்லை. போர் குழுவில் உறுப்பினராக இருந்தவரும், சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராக நெடுங்காலம் விளங்கியவருமான டாக்டர் ஏ. இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் 1959-இல் இன்னொரு குழு அமைந்தது. புதிது புதிதாகத் திறப்பதைவிட, இருப்பவற்றுக்கு ஆள் போட்டு வலுப்படுத்துங்கள் என்பது அக்குழு சொன்ன யோசனைகளில் ஒன்று. திறப்பு விழாவுக்குக் கல்வெட்டு உண்டு. ஆள் போட்டதற்கு யாரும் கல்வெட்டு வைப்பதில்லை!

மின்சாரம் இல்லாத தொழிற்சாலை

தொழிலாளர்களுக்கென்று தனி மருத்துவத் திட்டம் உண்டே என்பீர்கள். ஆம், தொழிலாளர் மாநிலக் காப்பீட்டுச் சட்டம், அதாவது ஈ.எஸ்.ஐ., 1948-இல் இயற்றப்பட்டது. 1952-இல் கான்பூரிலும் டில்லியிலும் செயலுக்கு வந்தது. 1955-இல் கோயம்புத்தூருக்கு வந்தது. ஆனால் 1948-ஆம் ஆண்டுச் சட்டம் 'தொழிற்சாலை' என்பதற்குக் கொடுத்த விளக்கத்தைப் பாருங்கள். 20 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்ய வேண்டும். மின்சாரம் போன்ற விசையின் துணையோடு உற்பத்தி நடக்க வேண்டும்.

இயற்பியல் மாணவருக்கு இது வேடிக்கையாகத் தோன்றும். பட்டாசு அறையில் மின்சாரத்தைத் தவிர்ப்பதே பொறி பறக்கக் கூடாது என்பதற்காக. ஆபத்து மிகுதி என்பதால் விசையில்லை. விசையில்லை என்பதால் சட்டத்தின் சொற்படி அது தொழிற்சாலையில்லை! மாநில அரசு தனி அறிவிக்கையின் மூலம் மற்ற நிறுவனங்களுக்கும் திட்டத்தை விரிக்கலாம் என்று ஒரு பிரிவு இருந்தது உண்மைதான். ஆனால் விசையில்லாத தொழிற்சாலைகளைச் சட்டமே நேரடியாகச் சேர்த்துக்கொண்டது 1989-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான். இன்று சிவகாசியில் ஈ.எஸ்.ஐ. மருத்துவமனை இருக்கிறது. எனினும் உரிமம் இல்லாமல் வீட்டுத் தாழ்வாரத்தில் திரி சுற்றுபவர் எந்தப் பதிவேட்டிலும் வருவதில்லை.

வேல்ஸ் நாட்டு நிலக்கரி ஊர்கள்

ஆபத்தான தொழில் நடக்கும் ஏழை ஊரும், அங்கே டாக்டர் இல்லாக் குறையும் நமக்கு மட்டும் உரியவையல்ல. பிரிட்டனின் வேல்ஸ் பகுதியில் நிலக்கரிச் சுரங்க ஊர்கள் பல உண்டு. அவற்றுள் டிரெடீகர் என்ற ஊரில் சுரங்கத் தொழிலாளர்கள் வாரக் கூலியிலிருந்து சில பென்னிகள் ஒதுக்கி, சங்கம் வைத்து, தாங்களே டாக்டர்களை அமர்த்திக்கொண்டார்கள். நம் மகமையின் உறவினர் என்று அதைச் சொல்லலாம். அந்த ஊரில் பிறந்து, பின்னாளில் அமைச்சரான அனூரின் பெவன்தான் 1948-இல் பிரிட்டன் முழுமைக்கும் இலவச தேசிய சுகாதாரச் சேவையைத் தொடங்கினார்.

அதன் பிறகும் குறை தீரவில்லை. கிளின்கோரக் என்ற மற்றொரு சுரங்க ஊரில் பல ஆண்டுகள் டாக்டராக இருந்த ஜூலியன் டியூடர் ஹார்ட் 1971-இல் 'லான்செட்' இதழில் ஒரு கட்டுரை எழுதினார். எங்கே மருத்துவம் அதிகம் தேவையோ அங்கே அது குறைவாகவும், எங்கே தேவை குறைவோ அங்கே தாராளமாகவும் கிடைக்கிறது என்று அவர் காட்டினார். வகுப்பில் பாயில் விதி படித்திருப்பீர்கள். அழுத்தமும் பருமனும் எதிர்விகிதத்தில் இருக்கும். அதே அமைப்பில் இதற்கும் 'எதிர்விகித மருத்துவ விதி' என்று பெயர் வைத்தார். பாயில் விதி இயற்கையின் விதி. இது மனிதர் செய்த ஏற்பாடு. சந்தையின் போக்குக்கு மருத்துவத்தை எவ்வளவு விடுகிறோமோ அவ்வளவுக்கு இவ்விதி கடுமையாகும் என்றும் அவர் சேர்த்துச் சொன்னார்.

அவருடைய கட்டுரையில் நம் காரியத்துக்கு உதவும் குறிப்பு ஒன்றுண்டு. தேவை மிகுந்த இடத்தில் பணிபுரியும் டாக்டர்களுக்கு வேலைச்சுமை அதிகம், நோயாளிகள் அதிகம், உதவி குறைவு. அதாவது பற்றாக்குறை என்பது வராத டாக்டரைப் பற்றிய செய்தி மட்டுமன்று. வந்து உட்கார்ந்திருக்கும் டாக்டரைப் பற்றிய செய்தியும் ஆகும்.

ஒரு நாற்காலிக்கு எத்தனை பேர்?

இங்கே நம் இரண்டாவது கணக்கு. '24 மணி நேரமும் டாக்டர் உண்டு' என்று ஒரு பலகை தொங்குகிறது. அந்த ஒரு நாற்காலியை நிரப்ப எத்தனை டாக்டர்கள் வேண்டும்? வாரத்துக்கு 24 × 7 = 168 மணி. ஒருவர் வாரத்துக்கு 48 மணி நேரம் வேலை செய்தால், 168 ÷ 48 = 3½. விடுப்பு, பயிற்சி, நீதிமன்றச் சாட்சி, பிள்ளைப்பேறு, காய்ச்சல் எல்லாம் சேர்த்துப் பார்த்தால் நான்கிலிருந்து ஐந்து பேர். இரண்டு பேரைப் போட்டுவிட்டுப் பலகையை மாட்டினால், பலகை பொய் சொல்ல வேண்டும். அல்லது அந்த இருவர் தூங்காமல் இருக்க வேண்டும்.

தூங்காமல் இருந்தால் என்ன? 1997-இல் டாசன், ரீட் என்ற இரு ஆராய்ச்சியாளர்கள் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனையை வெளியிட்டனர். சிலரைத் தூங்கவிடாமல் வைத்து, கையும் கண்ணும் ஒத்துழைக்கும் திறனை அளந்தனர். மற்றொரு நாளில் அதே ஆட்களுக்கு அளவாக மது கொடுத்து அதே சோதனையைச் செய்தனர். 17 மணி நேரம் விழித்திருந்தவரின் திறன், இரத்தத்தில் 0.05 விழுக்காடு மது கலந்தவரின் திறனுக்குச் சமமாக இருந்தது. 24 மணி நேரம் விழித்தால் ஏறத்தாழ 0.1 விழுக்காடு. நம் நாட்டில் வண்டி ஓட்டுபவருக்குச் சட்டம் அனுமதிக்கும் எல்லை 0.03 விழுக்காடு! அந்த நிலையில் வண்டியைத் தொடக் கூடாது என்று தடுக்கிறோம். அதே நிலையில் இருப்பவரிடம், 50 கிலோ நோயாளிக்கு எத்தனை மில்லிலிட்டர் என்று கணக்குப் போடச் சொல்கிறோம்.

தூக்கமின்மை ஒரு நாள் ஓய்வில் தீரும். தீராத வேறொன்றும் உண்டு. நியூயார்க்கில் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற உளவியலார் பகலில் தம் தொழிலைப் பார்த்துவிட்டு, மாலையிலிருந்து இரவு வரை ஏழைகளுக்கான இலவச மருத்துவ நிலையத்தில் உழைத்து வந்தார். ஆர்வத்தோடு வந்து சேரும் தொண்டர்கள் நாளடைவில் களைத்து, எரிச்சலடைந்து, நோயாளிகளையே வெறுக்கத் தொடங்குவதைக் கண்டார், தம்மிடமும் கண்டார். 1974-இல் அதை எழுதி, அந்நிலைக்கு ஒரு பெயரும் கொடுத்தார். எரிபொருள் தீர்ந்து அணைந்துபோவதைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் அது. தமிழில் 'பணிச்சோர்வு' என்று வைத்துக்கொள்வோம். 1981-இல் கிறிஸ்டினா மாஸ்லாக் என்ற உளவியலார், சூசன் ஜாக்சன் என்பவருடன் சேர்ந்து இதை அளப்பதற்கு ஒரு வினாநிரலே தயாரித்தார். மூன்றை அது அளக்கிறது: மனம் வறண்டுபோதல், நோயாளியை ஆளாகப் பாராமல் 'ஏழாம் நம்பர் கட்டில்' என்று பார்த்தல், நான் செய்வதால் ஒரு பயனும் இல்லை என்ற எண்ணம். உலக சுகாதார நிறுவனம் 2019-இல் இதைத் தன் நோய்ப் பட்டியல் நூலில் சேர்த்தது. ஆனால் நோய் என்று அன்று; வேலைச் சூழலால் விளையும் நிலை என்று. இந்த வேறுபாட்டை நான் முக்கியமாகக் கருதுகிறேன். நோய் என்றால் மருந்து டாக்டருக்கு. வேலைச் சூழல் என்றால் மருந்து பணிநேரப் பட்டியலுக்கு.

தீக்காய வார்டு இதற்குச் சரியான எடுத்துக்காட்டு. அங்கே நோயாளி முதல் நாளில் பெரும்பாலும் நினைவோடு பேசிக்கொண்டிருப்பார். பெயர் சொல்வார், பிள்ளைகளைப் பற்றிக் கேட்பார். வெந்த பரப்பு மிகுதியாயிருந்தால், நாள்கள் சென்றபின் புண்ணில் கிருமி தொற்றி இறக்க நேரும் என்பது டாக்டருக்கும் நர்சுக்கும் தெரியும். அதைத் தெரிந்துகொண்டே அவருக்குக் கட்டு மாற்ற வேண்டும். கட்டு மாற்றும்போது நோயாளி துடிப்பார். பிழைத்தவருக்கோ தோல் ஒட்டும் அறுவை ஒரு தடவையோடு முடிவதில்லை. மாதங்கள் ஆகும், விரல்கள் மடங்கி ஒட்டிக்கொள்ளாதிருக்கப் பயிற்சியும் தர வேண்டும். எங்கள் கல்லூரி வகுப்புகளில் பட்டாசுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இருக்கிறார்கள். இந்த மாதக் கணக்கை அவர்களிடம் யாரும் விளக்க வேண்டியதில்லை.

2012, செப்டம்பர் 5

1991 ஜூலையில் மீனம்பட்டியில் நடந்த விபத்தில் 39 பேர் மாண்டதாகச் செய்தி வந்தது. உச்ச நீதிமன்றமே அதைத் தானாக விசாரணைக்கு எடுத்துக்கொண்டது. 1996-இல் குழந்தைத் தொழிலாளர் பற்றி அது அளித்த தீர்ப்பு புகழ்பெற்றது. அதன் பின்னும் விபத்துகள் நிற்கவில்லை. 2012 செப்டம்பர் 5 நண்பகலில் முதலிப்பட்டியிலுள்ள ஒரு தொழிற்சாலையில் தீப்பற்றி, அடுத்தடுத்த அறைகளுக்குத் தாவியது. இறந்தவர் ஏறத்தாழ 40 பேர். காயமுற்றோர் அதனினும் மிகுதி. இறந்தவருள் பலர் அங்கே வேலை செய்தவர்களே அல்லர். புகையைக் கண்டு உதவிக்கும் வேடிக்கைக்கும் ஓடிவந்த சுற்றுப்புற ஊரார். 2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சங்குளத்தில் நடந்த விபத்தில் இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தனர்.

இவ்வாறான ஒரு பிற்பகலில் மருத்துவமனைக்குள் நடப்பதைக் கணக்கால் மட்டும் பார்ப்போம். கடுமையாக வெந்த 30 பேர் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்ததாகக் கொள்க. ஒவ்வொருவரையும் மணிக்கொரு தடவை பார்த்து, அளந்து, நீர் வேகத்தை மாற்ற 10 நிமிடம். 30 × 24 × 10 = 7,200 நிமிடம்; அதாவது 120 மணி நேரம். ஒருவர் இடைவிடாது 12 மணி நேரம் நின்றாலும் இந்த ஒரு வேலைக்கே பத்துப் பேர் வேண்டும். மூச்சுக்குழாயில் குழாய் செலுத்துவது, கட்டுப் போடுவது, உறவினருக்குப் பதில் சொல்வது, பிரேதப் பரிசோதனை எல்லாம் தனி. அன்றைய வெளிநோயாளிகளும் பிள்ளைப்பேற்றுக்கு வந்தவர்களும் வாசலில் இருக்கத்தான் செய்வார்கள். எனவேதான் முதலுதவி செய்து மதுரை அரசு இராசாசி மருத்துவமனைக்கு அனுப்புவது இவ்வட்டாரத்தின் வழக்கமாயிற்று. அனுப்பிவைப்பதை அலட்சியம் என்று ஊரார் கோபித்துக்கொள்வதுண்டு. கைகளின் எண்ணிக்கையைப் பார்த்தால் அது பெரும்பாலும் அலட்சியமன்று, வகுத்தல் கணக்கின் விடை. ஆனால் எட்டு மணி நேரத்தில் எத்தனை நிமிடம் சாலையில் கழிகிறது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. 2008-இல் தமிழ்நாட்டில் தொடங்கிய 108 வண்டிச் சேவை அதைக் குறைத்திருக்கிறது, நீக்கவில்லை.

ஏட்டில் 48

தமிழ்நாடு இவ்விஷயத்தில் சும்மா இருந்ததாக எழுதினால் அது பொய்யாகும். மருந்து வாங்கி வழங்க 1994-இல் தனிக் கழகம் கண்டது. ஆரம்ப சுகாதார நிலையங்களில் மூன்று நர்சுகளை முறைவைத்து அமர்த்தி, இரவிலும் பிரசவம் பார்க்க வழி செய்தது. நாற்காலிக் கணக்கைச் சரியாகப் போட்ட ஏற்பாடு இது என்பது என் கருத்து. கிராமப் பணிக்கு வரும் அரசு டாக்டருக்கு மேற்படிப்பு இடங்களில் பாதி ஒதுக்கீடு என்பது இன்னொன்று. சம்பளத்துக்காக வராதவர் எம்.டி., எம்.எஸ். படிப்புக்காக வந்தார். நடுவில் மத்திய விதிகளால் அது தடைப்பட்டது. மாநிலத்துக்கு அந்த அதிகாரம் உண்டு என்று 2020 ஆகஸ்ட் 31-இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் தீர்ப்பளித்தனர்.

வேலை நேரத்தைப் பொறுத்தவரை கதை வேறு. மத்திய அரசு 1992 ஜூனில் பயிற்சி டாக்டர்களுக்கு வகுத்த விதிப்படி, சாதாரணமாக வாரத்துக்கு 48 மணி. ஒரே மூச்சில் 12 மணிக்கு மேல் கூடாது. 2019 அக்டோபர் 25-இல் தமிழ்நாட்டு அரசு டாக்டர்கள் வேலைநிறுத்தம் தொடங்கி நவம்பர் 1-இல் திரும்பினார்கள். ஊதிய உயர்வு என்ற கோரிக்கையே செய்தித்தாள்களில் பெரிதாக வந்தது. நோயாளிகளின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பணியிடங்களை வகுக்க வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கைகளில் ஒன்று. அதைப் பலர் கவனிக்கவில்லை. 2024-இல் தேசிய மருத்துவ ஆணையத்தின் பணிக்குழு ஒன்று மருத்துவ மாணவர்களின் மனநலம் பற்றி அறிக்கை தந்தது. மேற்படிப்பு மாணவர்களின் வேலையை வாரத்துக்கு 74 மணிக்குள் நிறுத்துங்கள், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு கொடுங்கள் என்று அது கேட்டுக்கொண்டது. 1992-இல் 48 என்று எழுதிய நாடு, 32 ஆண்டுகள் கழித்து 74-ஐச் சீர்திருத்தமாகக் கேட்கிறது!

காமராசர் முதலமைச்சரான 1954-ஆம் ஆண்டில்தான் மதுரையில் மருத்துவக் கல்லூரி வந்தது. அவர் பிறந்த விருதுநகருக்கு அது வர 68 ஆண்டுகள் ஆயின. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளுள் விருதுநகரும் ஒன்று. ஆண்டுக்கு 150 இடங்கள். சிவகாசி, சாத்தூர் பக்கத்து நோயாளிகள் மதுரைக்கு ஓடாமல் வழியிலேயே நிற்க முடிகிறது.

இதிலும் ஒரு கணக்கு உண்டு. எம்.பி.பி.எஸ். படிப்புக்குப் பயிற்சியோடு ஐந்தரை ஆண்டு. பொது அறுவை மருத்துவம் 3 ஆண்டு. வெந்த தோலைச் சீரமைக்கும் பிளாஸ்டிக் அறுவை மருத்துவம் மேலும் 3 ஆண்டு. கூட்டினால் பதினொன்றரை. 2022-இல் விருதுநகரில் முதல் வகுப்பில் சேர்ந்த ஒருவர், எந்தத் தேர்விலும் ஓராண்டும் தவறாமல் இந்த வழியில் சென்றால் 2033-க்கும் 2034-க்கும் இடையில் தீக்காய வார்டுக்கு வந்து சேர்வார். அப்பொழுது அந்த வார்டின் பணிநேரப் பட்டியலில் அவர் பெயரோடு இன்னும் எத்தனை பெயர்கள் இருக்கும் என்பதைப் பொறுத்தே, எத்தனை ஆண்டு அங்கே தங்குவார் என்பதும் அமையும்.